கர்ப்பிணிப் பணியாளரும் அலுவலகத்துக்குச் சொல்லும் நாளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு மகளிர் பக்கத்தில் வெளிவரும் கேள்வி பதில் பகுதியில், சென்ற வாரம் ஒரு வாசகி கேட்டிருந்த கேள்வியையும் அதற்குத் தரப்பட்டிருந்த பதிலையும் படித்தேன். தனியார் நிறுவனமொன்றில் வேலை செய்யும் அவர் இரண்டு மாதக் கர்ப்பிணி. இன்னும் ஒன்றரை மாதத்தில் ஆண்டு மதிப்பீடும் அதையொட்டிய சம்பள உயர்வும் வரவிருக்கின்றன. இப்போதே மேலாளரிடம் சொல்லிவிடலாமா, கொஞ்சம் பொறுத்திருக்கலாமா என்பது அவருடைய குழப்பம். மறைப்பது நிர்வாகம் தன்மீது வைத்த நம்பிக்கையைக் கெடுப்பதாகும், ஆகவே காலம் தாழ்த்தாமல் சொல்லிவிடுங்கள் என்று பதிலை முடித்திருந்தீர்கள். நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட பதில்தான். ஆனால் கோவையில் மோட்டார் பம்பு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் 2011 முதல் வேலை பார்த்து, இந்தச் செய்தியைக் கேட்டுக்கொள்ளும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் நான். அதற்கு முன்பு இதே செய்தியை மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு முறை சொன்னவளும் நானே. இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில், அந்தப் பதில் அந்தப் பெண்ணுக்குச் சரியான வழியைக் காட்டவில்லை என்று எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், எப்போது சொல்ல வேண்டும் என்று சட்டம் எந்தக் கெடுவும் வைக்கவில்லை. 1961 ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தின் 6 ஆவது பிரிவு, பேறுகால விடுப்பில் போகவிருக்கும் பெண் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்கலாம் என்கிறது. கர்ப்ப காலத்தில் கொடுக்காதவர் பிரசவத்துக்குப் பிறகு இயன்ற விரைவில் கொடுக்கலாம் என்றும், அறிவிப்புக் கொடுக்கவில்லை என்பதற்காக மட்டும் அவருக்குரிய பயனை மறுக்க முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. 2017 இல் வந்த திருத்தத்தின்படி 26 வார விடுப்பில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன் எடுத்துக்கொள்ளலாம். அதாவது சட்டத்தின் கண்ணில் ஏறத்தாழ ஏழு மாதம் முடிந்த பிறகுதான் நிர்வாகத்துக்கு இந்தச் செய்தியோடு வேலை இருக்கிறது. நாடாளுமன்றம் 2020 இல் நிறைவேற்றி, 2025 நவம்பர் முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடுகளின் சாரம் அப்படியே இடம்பெற்றிருக்கிறது; இந்தக் கடிதத்தில் நான் குறிக்கும் பிரிவு எண்கள் பழைய சட்டத்தினுடையவை. எட்டாவது வாரத்தில் சொல்லாமல் இருப்பதில் சட்டமீறல் ஏதுமில்லை.

சட்டம் வேறு, நாணயம் வேறு என்று தங்கள் பதிலை எழுதியவர் சொல்லக்கூடும். எங்கள் அலுவலகத்தில் பொறியாளர் ஒருவர் வேலையை விட்டே போவதாக இருந்தால் மூன்று மாத அறிவிப்புப் போதும் என்று அவருடைய நியமன உத்தரவில் நாங்களே எழுதிக் கொடுக்கிறோம். அந்த மூன்று மாதத்துக்கு முன்பு அவர் எத்தனை நிறுவனங்களில் நேர்காணலுக்குப் போய்வந்தார் என்று யாரும் கேட்பதில்லை, அதைத் துரோகம் என்றும் சொல்வதில்லை. போனவர் திரும்பி வரப்போவதும் இல்லை. ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்காரப்போகிற பெண் மட்டும் ஏழு மாதத்துக்கு முன்பே தன் வயிற்றுச் செய்தியைச் சொல்லிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு நாணயம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சீக்கிரம் சொன்னால் என்ன ஆகும் என்பதை நான் 2008 இல் பார்த்தேன். அப்போது ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஏழாவது வாரத்திலேயே, வீட்டில் மாமியாரிடம் சொன்ன அதே வாரத்தில், மேலாளரிடமும் வாய்மொழியாகச் சொன்னேன். அவர் வாழ்த்துச் சொன்னார், இனிமேல் பேருந்தில் தொங்கிக்கொண்டு வராதே என்று அக்கறையோடு பேசினார். அடுத்த மாதம் புதிய கணக்கு மென்பொருளுக்கு மாறும் வேலை தொடங்கியபோது, அதை முன்னின்று செய்ய முதலில் குறிக்கப்பட்டிருந்த என் பெயருக்குப் பதில் வேறொருவர் பெயர் வந்தது. கேட்டதற்கு, இந்த நிலைமையில் உனக்கு எதற்கு அலைச்சல் என்றார். அவர் கெட்டவர் அல்லர். எனக்காக அவரே முடிவெடுத்துவிட்டார், அவ்வளவுதான்; அந்த வேலையைச் செய்தவர் ஓராண்டுக்குள் துணை மேலாளர் ஆனார்.

பதினோராவது வாரத்தில் அந்தக் கர்ப்பம் கலைந்துவிட்டது. நான்கு நாள் தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டு திரும்பினேன். மில் கேண்டீனில் பரிமாறும் அக்காவுக்கு நடந்தது தெரியாது. மதியம் என் தட்டின் ஓரத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்க் கீற்றுகளை வைத்து, உனக்கென்றே எடுத்து வைத்தேன், சாப்பிடு கண்ணு என்றார். அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு டைம் ஆபீஸில், பிறகு வாகன ஓட்டுநரிடம், பிறகு ஸ்டோர்ஸில் இருந்த இருவரிடம். விசேஷமா என்று கேட்டு மகிழ்ந்த ஒவ்வொருவரிடமும் இல்லை என்று சொல்லி முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. கர்ப்பம் கலைவது பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள்தான் நடக்கிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். மூன்று மாதம் முடியும் வரை வாயைத் திறக்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதும், கண்ணேறு என்று அவர்கள் காரணம் கூறினாலும், இந்த அனுபவத்திலிருந்து வந்த பேச்சாகத்தான் இருக்க வேண்டும்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் என் கடிதம் அரைகுறையாகிவிடும். கருச்சிதைவு ஏற்பட்டால் அதற்கு அடுத்த நாளிலிருந்து 6 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு என்பது அதே 1961 சட்டத்தின் 9 ஆவது பிரிவு. 2008 இல் எனக்கு அது தெரியாது. என் மேலாளருக்கும் தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. இன்று என் மேசைக்கு வரும் விடுப்பு விண்ணப்பங்களில், காய்ச்சல், வயிற்றுவலி என்று மூன்று நாள் எழுதியிருக்கும் சிலவற்றின் பின்னால் என்ன இருந்தது என்று பல மாதம் கழித்துத்தான் தெரிய வருகிறது. சொல்லாமல் இருந்தவர்கள், சொல்லாமலே இழந்து, சொல்லாததாலேயே அந்த ஆறு வாரத்தையும் இழந்து, மூன்றாம் நாள் மிஷின் முன்னால் வந்து நிற்கிறார்கள். கர்ப்பத்தைச் சொல்லாதவரும் கலைந்த பிறகு மருத்துவச் சான்றோடு இந்த விடுப்பைக் கேட்கலாம். முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஏதும் அதில் இல்லை. தங்கள் பத்திரிகை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது இதை வெளியிடலாம்.

இனி, காத்திருக்கக் கூடாதவர்களைப் பற்றி. எங்கள் தொழிற்சாலையில் வைண்டிங் பிரிவில் பெண்கள்தாம் அதிகம். மோட்டாரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டரில் செம்புக் கம்பியைச் சுற்றி முடித்ததும் அதை வார்னிஷில் முக்கி, அடுப்பில் வைத்துச் சூடேற்றுவார்கள். அந்த நெடி புதிதாக உள்ளே நுழைபவருக்குக் கண்ணில் நீரை வரவைக்கும். சில ஆண்டுகளுக்கு முன், ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்த ஒரு பெண் அந்த அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருந்தார். இரண்டு வாரமாகக் காலை இடைவேளைக்கு முன்பே கழிவறைக்கு ஓடி வாந்தி எடுப்பதைப் பார்த்த மற்ற பெண்கள் புரிந்துகொண்டு, என்னிடம் அழைத்து வந்தார்கள். டிபன் பையிலிருந்து பாலித்தீன் உறைக்குள் மடித்து வைத்திருந்த தாய் சேய் நல அட்டையை எடுத்து நீட்டினார். பத்தாவது வாரத்திலேயே பதிவாகியிருந்தது, கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் பிக்மி எண்ணும் எழுதியிருந்தது. அவருடைய ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரியும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரியும், அரசாங்கத்தின் கணினிக்குத் தெரியும்; இருபது அடி தள்ளி நின்ற சூப்பர்வைசருக்குத் தெரியாது. ஏம்மா இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். “பேக்கிங்ல போடுங்கன்னு கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க, சொன்னா அடுத்த வாரமே கான்ட்ராக்டர் நின்னுக்கச் சொல்லீருவாருங்க, அதானுங்க மேடம்” என்றார். அவரை அன்றே சோதனைப் பிரிவில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றினோம். ஆனால் அந்த நெடியைச் சுவாசித்த வாரங்களை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

சட்டத்தின் ஒரு பெரிய ஓட்டை அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடினமான வேலையையும் நெடுநேரம் நிற்கும் வேலையையும் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது என்று 4 ஆவது பிரிவு சொல்கிறது, ஆனால் அந்தப் பெண் கேட்டுக்கொண்டால் மட்டுமே. அதுவும் உத்தேசப் பிரசவ தேதிக்கு ஆறு வாரம் முன்பிருந்து பின்னோக்கி எண்ணிய ஒரு மாதத்திலிருந்துதான். மசக்கை படுத்துகிற இரண்டாம் மூன்றாம் மாதத்தைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை. கருவின் உறுப்புகள் உருவாவது அந்த வாரங்களில்தான். ஏழாம் மாதம் வளைகாப்புப் போடும்போதுதான் பெண் கர்ப்பிணி ஆகிறாள் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்துவிட்டார்கள் போலும். ஆகவே கரைப்பான்கள், சாயம், பூச்சிக்கொல்லி இவற்றின் அருகில் வேலை செய்பவர்களும், புற்றுநோய் மருந்துகளைக் கலக்கும் செவிலியர்களும், எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் அறைகளில் பணிபுரிபவர்களும் உறுதியானவுடனே சொல்லிவிட வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. கதிர்வீச்சுப் பணியில் இருக்கும் பெண் தெரிவித்த பிறகு, மீதிக் கர்ப்ப காலம் முழுவதற்கும் கருவுக்குச் சேரும் கூடுதல் கதிர்வீச்சு அளவு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாதபடி வேலையை மாற்றித் தர வேண்டும் என்பது பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்ட வரம்பு. சொன்னால்தான் அந்தக் கணக்கே தொடங்கும். சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற சிக்கல் உள்ளவர்களும், இரவு ஷிப்டில் இருப்பவர்களும் தங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது.

இந்த ஆபத்துகள் இல்லாத, மேசைமுன் அமர்ந்து செய்யும் வேலையில் இருக்கும் தங்கள் வாசகியைப் போன்றவர்களுக்கு என் கருத்து இதுதான்: மதிப்பீடு முடிந்து, மதிப்பெண் எழுத்தில் பதிவான பிறகு சொன்னால் போதும். இதைச் சொல்லப் பணியாளர் பிரிவில் இருக்கும் எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்ற ஆண்டு முழுவதும் செய்த வேலைக்கான மதிப்பீட்டில், வரும் ஆண்டு எடுக்கப்போகும் விடுப்பு நுழைந்துவிடுவதை நான் கூட்டங்களில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எப்படியும் ஆறு மாதம் இருக்க மாட்டார், இந்த உயர்வை வேறொருவருக்குக் கொடுத்தால் அவர் தங்குவார் என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தேநீரை உறிஞ்சுவார்கள். அது எந்தக் கோப்பிலும் ஏறாது.

எவ்வளவு காலம் தள்ளலாம் என்று கேட்டால், என் கணக்கு 20 ஆவது வாரம். குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 20 வாரத்துக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு மனத்திலும் ஒரு தெளிவு வரும். 40 வாரத்தில் பிரசவம் என்றால் மிக முன்கூட்டி விடுப்பு தொடங்கக்கூடியது 32 ஆவது வாரம். இடையில் 12 வாரம், அதாவது வேலையை விட்டுப் போகிறவர் தரும் அதே மூன்று மாதம், நிர்வாகத்துக்குக் கிடைக்கிறது. ஒரு மாற்று ஆளைத் தேடி, அவருக்கு வேலையைக் கற்றுக்கொடுக்க அது போதும். நான் அந்த வேலையைச் செய்பவள் என்பதால் சொல்கிறேன். அதற்கு மேல் தள்ளுவதால் பயனில்லை. துப்பட்டாவை எப்படிப் போட்டாலும் ஐந்தாம் மாதத்தில் ஊருக்குத் தெரிந்துவிடும், செய்தி நம் வாயிலிருந்து போகாமல் லிப்டில் நின்றவர் வாயிலிருந்து போகும். 2010 இல் என் இரண்டாவது கர்ப்பத்தை 20 ஆவது வாரத்தில்தான் தெரிவித்தேன். இந்த முறை கடிதமாக.

என்னைப் பொறுத்தவரை தங்கள் பதிலில் இருந்த பெரிய குறை இந்தக் கடிதம் என்ற சொல்லே அதில் இல்லாததுதான். எட்டாவது வாரமா இருபதாவது வாரமா என்பதைவிட, சொன்ன நாளுக்குச் சாட்சி இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையிலிருந்து நீக்குவது 12 ஆவது பிரிவின்படி சட்டவிரோதம். அதற்கு முன்பு, கர்ப்ப காலத்தில் எப்போது நீக்கினாலும், மற்றபடி தகுதியுள்ளவராக இருந்தால் அவருடைய பேறுகாலப் பயன் பறிபோகாது. ஆனால் நீக்கப்பட்ட பெண் முறையிடும்போது நிர்வாகம் முதலில் சொல்லும் வாசகம், அவர் கர்ப்பிணி என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது, வேலை சரியில்லை என்பதால் நிறுத்தினோம் என்பதுதான். வாய்மொழியாகச் சொன்னால் நிர்வாகத்துக்குச் செய்தி கிடைத்துவிடுகிறது, நமக்கு எதுவும் கிடைப்பதில்லை. 2008 இல் நான் செய்தது அதைத்தான்.

அந்தக் கடிதத்துக்கு இலக்கிய நயம் தேவையில்லை. பெயர், பணியாளர் எண், உத்தேசப் பிரசவ தேதி, எந்த நாளிலிருந்து விடுப்பு எடுக்க உத்தேசம், வேலையில் மாற்றம் வேண்டுமானால் என்ன மாற்றம், இணைப்பாக மருத்துவரின் சான்று, இவ்வளவுதான். இரண்டு படி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். மின்னஞ்சல் என்றால் தன் சொந்த முகவரிக்கும் ஒரு நகல் போகட்டும், ஏனென்றால் வேலையை விட்டு நிறுத்துகிற அன்று முதலில் பூட்டப்படுவது அலுவலக அஞ்சல்பெட்டிதான். மேலாளரிடம் நேரில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு அதே நாளில் கடிதத்தைக் கொடுத்தால் மனத்தாங்கலும் வராது.

ஒப்பந்தத் தொழிலாளர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் தேதிகளைக் கொஞ்சம் எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். உத்தேசப் பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் அந்த நிறுவனத்தில் வேலை செய்திருந்தால் பேறுகாலப் பயன் உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் வருகிறார்கள். அவர்களுக்கு முந்தைய இரண்டு ஆறு மாதச் சந்தாக் காலங்களில் 70 நாள் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பணத்தைத் தருவது இஎஸ்ஐ கழகம், கான்ட்ராக்டர் அல்ல. ஆகவே உனக்கு ஆறு மாதம் சும்மா சம்பளம் கொடுக்க என்னால் ஆகாது என்று அவர் சொல்வதில் பொருளே இல்லை. கான்ட்ராக்டர் மாறினாலும் இஎஸ்ஐ எண் மாறக் கூடாது. ஒவ்வொரு முறையும் புது எண் போட்டால் நாள் கணக்கு சிதறிவிடும். எங்கள் வைண்டிங் பெண்ணுக்கு அப்படி இரண்டு எண் இருந்தது. அவற்றை ஒன்றாக்கச் சொல்லி அலைந்ததில்தான் எனக்கு இதெல்லாம் பாடமாயிற்று. தினக்கூலிப் பெண்களுக்கும் பேறுகாலப் பயன் உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000 இலேயே சொல்லிவிட்டது. டெல்லியில் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றிய மருத்துவர் ஒருவரின் வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதைக் காட்டிப் பயனைப் பாதியில் நிறுத்த முடியாது என்று 2023 இல் தீர்ப்பளித்தது.

நேர்காணலில் கேட்கிறார்களே, அங்கே என்ன செய்வது என்று என் தங்கை மகள் கேட்டாள். ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்: 2016 வரை எங்கள் நேர்காணல் தாளில், திருமணமான பெண்களிடம் குழந்தை பற்றிய திட்டம் உண்டா என்று கேட்க ஒரு கட்டம் இருந்தது. நானும் கேட்டு, டிக் அடித்திருக்கிறேன். அந்தக் கேள்வி எவ்வளவு தவறு என்பதை எனக்கு உணர்த்தியது நீரா மாத்தூர் வழக்கு. எல்ஐசியில் 1989 இல் தகுதிகாண் பருவத்தில் சேர்ந்தவர் அவர். பேறுகால விடுப்பில் சென்ற சில வாரங்களில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். சேரும்போது நிரப்பிய படிவத்தில் கடைசி மாதவிலக்குத் தேதியைத் தவறாகக் குறித்தார் என்பது நிறுவனத்தின் வாதம். உச்ச நீதிமன்றம் 1991 இல் அவரை மீண்டும் பணியில் அமர்த்தச் சொன்னதோடு, மாதவிலக்கு, கர்ப்பம் பற்றிய அந்தக் கேள்விகளையே படிவத்திலிருந்து நீக்கும்படியும் அறிவுறுத்தியது. இவ்வளவுக்குப் பிறகும் பாரத ஸ்டேட் வங்கி, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளைத் தற்காலிகமாகத் தகுதியற்றவர்களாகக் கருதி, பிரசவத்துக்குப் பிறகே பணியில் சேர்ப்பது என்று விதி வகுத்தது. எதிர்ப்பு எழுந்ததால் 2022 ஜனவரி இறுதியில் அதை நிறுத்தி வைத்தது. கேட்பவர்களுக்கே கேட்கும் உரிமை இல்லாதபோது, சொல்லாதவரைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. எங்கள் தாளில் இப்போது அந்தக் கட்டம் இல்லை.

தமிழக அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு இருக்கிறது. என் பள்ளித் தோழி ஒருத்தி அரசுப் பள்ளி ஆசிரியை, தலைமையாசிரியரிடம் எப்போது சொல்வது என்று அவள் ஒரு நாள்கூட யோசித்ததில்லை. சொன்னால் போகிற வேலை அல்ல அது. தனியார் துறையில் இஎஸ்ஐ வரம்புக்கு மேல் ஊதியம் பெறும் பெண்ணின் 26 வாரச் சம்பளத்தையும் அவரை வேலைக்கு வைத்தவரே சுமக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பதால், சிறு நிறுவனங்கள் கணக்குப் பார்க்கின்றன. கணக்குப் பார்ப்பார்கள் என்று தெரிவதால் பெண்கள் மறைக்கிறார்கள். செலவைத் தனித்தனி முதலாளிகளின் தலையில் மட்டும் சுமத்தக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183 ஆவது உடன்படிக்கையின் கொள்கை. இந்தியா அதை ஏற்கவில்லை. சுமையை இஎஸ்ஐ போல ஒரு பொது நிதிக்கு மாற்றும் வரை, சீக்கிரம் சொல்லுங்கள் என்று பெண்களுக்குப் புத்தி சொல்வது கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்வது போலத்தான்.

நிர்வாகங்கள் உண்மையிலேயே சீக்கிரம் தெரிந்துகொள்ள விரும்பினால் அவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பெண் ஒருவர் வேலையில் சேரும்போதே, அவருக்குச் சட்டப்படி உள்ள பேறுகாலப் பயன்கள் அனைத்தையும் எழுத்திலும் மின்னணு முறையிலும் தெரிவிக்க வேண்டும் என்று 2017 திருத்தம் 11 ஏ பிரிவில் சொல்கிறது. 50 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். தங்கள் வாசகியர் தங்கள் நியமன உத்தரவை எடுத்துப் பார்க்கட்டும். ஒழுங்கு நடவடிக்கைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள், இதற்கு ஒரு வரி இருந்தால் அதிசயம். எங்கள் உத்தரவில் அந்தப் பத்தியைச் சேர்க்க நான் இரண்டு ஆண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். சேர்த்த பிறகு, முன்பெல்லாம் ஆறாவது மாதத்தில் வந்துகொண்டிருந்த கடிதங்களில் சில நான்காவது மாதத்திலேயே வருகின்றன. வைண்டிங் பிரிவில், அடுப்புக்கு அருகில் இருப்பவர்கள் நாள் தள்ளிப்போன வாரத்திலேயே வந்து, மேடம் கொஞ்சம் தனியாப் பேசணுங்க என்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த வாசகிக்கு இன்னும் நான்கைந்து வாரம் இருக்கிறது. வரும் ஞாயிறன்று அதே பகுதியில், தாமதமாகச் சொல்வதற்காக அவருடைய பயன் எதுவும் குறையாது என்பதையும், சொல்லும் நாளில் தேதியிட்ட கடிதத்துக்கு ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதையும், இடையில் உடல் ஒத்துழைக்காவிட்டால் கர்ப்பத்தால் வரும் நோய்க்கென ஒரு மாதக் கூடுதல் விடுப்பு சட்டத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பீளமேடு, கோவை.

(பெயரும் முகவரியும் தங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியுள்ளேன், வெளியிட வேண்டாம்.)